மலேசியாவில் சொந்தக் காசில் படம் எடுப்பவர்களிடம் மாட்டிய அனுபவம் உண்டா?

செந்தூல் வாசி:
2017ல் பத்துமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் தங்கைக்குக் கல்யாணம். வீடியோ எடுக்க வந்தவர், தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, ஓரமாக நின்று கண்ணைத் துடைத்த மாமாவின் கையையே எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சரியான கோபம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். சொந்தமாக ஒரு படம் எடுக்கிறாராம். "ஒரு கல்யாணம் முடிஞ்சா நாலு நாள் ஷூட்டிங், காசு தீர்ந்தா அடுத்த கல்யாணம் லா" என்றார். அப்புறமும் தொடர்ந்து, மொத்தம் மூன்று வருடம் இப்படியே. கதையில் பன்னிரண்டு வயதுப் பையன். பாதிப் படத்தில் மீசை முளைத்துவிட்டது. கதையைத் திருத்தி அவனையே அண்ணனாக்கிவிட்டார்!

2016ல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய தமிழ்ப் படம் 'ஜகாட்' மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது நினைவிருக்கும். முதலில் தேசிய மொழியான மலாய் அல்லாத படங்களுக்கான பிரிவில் ஒதுக்கி, சர்ச்சை கிளம்பிய பிறகுதான் பிரிவுகளையே மாற்றினார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த வாரத்திலேயே இந்த வீடியோக்காரர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாராம். (என்னைக் கேட்டால் வேலையை வைத்துக்கொண்டே எடுத்திருக்கலாம்.)

பட்டர்வொர்த் அக்கா:
சொந்தக் காசில் படம் எடுத்த ஒரு தம்பி எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் ஷூட்டிங் நடத்தினான். வாடகை கிடையாது, சாப்பாடும் நாங்கள்தான். பாட்டியின் பழைய ரேடியோவை உடைத்துவிட்டு, அந்தத் தம்பி எங்கெங்கோ அலைந்து அதே மாதிரி ஒன்று வாங்கி வந்தான். பாடாது, ஆனால் அதே மாதிரி.

படம் எடுப்பதைவிட அதற்கு அப்புறம்தான் அலைச்சல் என்பான். கம்பெனி பதிவு, ஃபினாஸ் (அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) லைசென்ஸ், தணிக்கை, விநியோகஸ்தர். டிக்கெட் காசில் தியேட்டர் பங்கு கழிந்த பிறகுதான் மிச்சம். வியாழக்கிழமை படம் வந்தது. நாங்கள் குடும்பமாக ஒன்பது பேர், அரங்கில் மொத்தம் பதினான்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் இரவுக் காட்சி மட்டும்தான் மிஞ்சியது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது விளம்பரப் படம் எடுக்கிறான், அடுத்த கதையும் எழுதுகிறானாம். எங்கள் கூடத்தைக் கேட்டிருக்கிறான். சரி என்றுவிட்டேன்.

செந்தூல் வாசி:
அக்கா, ரேடியோவாவது வந்ததே. எங்கள் கல்யாண வீடியோவில் மாமாவின் கை மட்டும் அருமையாக இருக்கிறது. தாலி கட்டுவதை, தங்கையின் தோழி கைப்பேசியில் எடுத்து வைத்திருந்ததால் பார்த்தோம்.