மறு: 'கரோஷன் அலவன்ஸ்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

உலோகச் சுவர் எவ்வளவு அரித்துப்போகும் என்று கணக்கிட்டு, முன்கூட்டியே கூடுதலாக வைக்கும் தடிப்புதான் 'கரோஷன் அலவன்ஸ்'. இதற்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகளில் 'அரிமான அனுமதி' எனக்கு ஒப்பவில்லை. எஃகை அரித்துக்கொள் என்று யாரும் யாருக்கும் அனுமதி தரவில்லையே! 'அரிமான ஒதுக்கீடு' பரவாயில்லை, ஆனால் பட்ஜெட் வாசனை அடிக்கிறது. 'அரிமானப் படி' என்றால் பஞ்சப்படிதான் ஞாபகம் வரும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சுவிட்சர்லாந்தில் உயர்கதிர்வீச்சு அணுக்கழிவை ஓபலினஸ் களிப்பாறையில், பல நூறு மீட்டர் ஆழத்தில் புதைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்நாட்டில் இந்தப் புதைப்பைக் கவனிக்கும் நாக்ரா அமைப்பு நெடுநாளாக வைத்திருந்த வடிவமைப்பில் கழிவை அடைக்கும் கலன் தடித்த கார்பன் எஃகு. சுற்றிலும் பென்டோனைட் களிமண். சுரங்கத்தை மூடியதும் உள்ளே மிஞ்சிய ஆக்சிஜன், அதிகம் போனால் சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும். அப்புறம் இரும்பைத் தின்பது தண்ணீர்தான். செந்துரு வராது, மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு படியும், ஹைட்ரஜன் வெளியேறும். வேகம் மிகக் குறைவு. ஆண்டுக்கு 2 மைக்ரோமீட்டர் என்று வைத்தாலும் 10,000 ஆண்டுகளில் 2 சென்டிமீட்டர்தான் போகும். அந்த 2 சென்டிமீட்டரை முன்கூட்டியே சுவரில் கூட்டிவிடுகிறார்கள். அது போக நிற்கிற எஃகுதான் பாறையின் அழுத்தத்தைத் தாங்கவேண்டும். (ஸ்வீடன்காரர்கள் வழி வேறு: வெளியே 5 சென்டிமீட்டர் செம்பு, உள்ளே வார்ப்பிரும்பு. எளிதில் அரிபடாத உலோகத்தையே வெளியே போர்த்திவிடுவது.)

போகப்போவதை முன்னதாகவே கணக்கிட்டுச் சேர்ப்பதற்கு நம் பொற்கொல்லரிடம் சொல் இருக்கிறது: சேதாரம். எனவே 'அரிமானச் சேதாரம்'. சுவரின் அளவாகச் சொல்லும்போது 'சேதாரத் தடிப்பு'.

நகைச் சேதாரம் செய்யும்போது போவது, இது புதைத்தபின் போவது என்று இங்கே ஒருவர் மறுத்திருந்தார். நியாயமான மறுப்பு. ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்: இழப்பை முன்பே மதிப்பிட்டு, அவ்வளவு உலோகத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்வது. கடைக்காரர் சேதாரம் என்று சொல்லிப் பிடித்துக்கொள்வதெல்லாம் உண்மையில் வீணாகிறதா என்பது வேறு வழக்கு, அதை இங்கே இழுக்கவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மேலே போட்ட கணக்கு சீரான அரிமானத்துக்கு மட்டும். அங்கங்கே ஆழமாக இறங்கும் 'குழி அரிமானம்' இருந்தால் அதற்கும் சேர்த்தே சேதாரத் தடிப்பை வைக்கவேண்டும். வரையறை எழுதும்போது இரண்டையும் குறிப்பிட்டுவிடுவோம். ஹைட்ரஜன் களிப்பாறையில் எளிதில் வெளியேறாமல் அழுத்தம் கூட்டுவதற்கான சொல்லை வேறு இழையில் பேசலாம்.

பெரிய மறுப்பு இல்லையென்றால் விக்சனரியில் ஏற்றிவிடலாமா?