நரிப்பயற்று விதையின் உறக்கத்துக்கு என்ன பெயர்?

தாவரவியல் ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை:

குழும அன்பர்களுக்கு வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டில் விதை உறக்கம் (உயிருள்ள விதை முளைக்காமல் கிடக்கும் நிலை) பற்றிய இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குத் தந்தாக வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்து வரப்புகளில் மாணவர்கள் பறித்து வந்த நரிப்பயற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். முற்றிய நெற்று வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறுகிறது. அவ்விதைகளை இரவு முழுவதும் ஊறவைத்தாலும் பெரும்பாலானவை போட்டது போட்டபடியே கிடக்கின்றன. விதை நெற்றோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறத்தில் நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளிவிட்டு ஊறவைத்தால், முதலில் தோல் சுருக்கம் சுருக்கமாக எழும்புகிறது. பிறகு விதை பருத்து முளைவிடுகிறது. கருவுக்கு எந்தக் குறையும் இல்லை. தோலின் வெளியடுக்கில் இடைவெளியின்றி நெட்டாக நிற்கும் செல்கள் நீரை உள்ளே விடுவதில்லை, அவ்வளவே. விதை ஆய்வாளர்களான பாஸ்கின் இணையர் 2004இல் வகுத்த ஐந்து உறக்க வகைகளுள் இதுவும் ஒன்று. இதை 'இயற்பியல் உறக்கம்' என்று எழுதினால், கருவே காரணமான 'உடலியங்கியல் உறக்க'த்தோடு மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். நல்ல சொல் ஒன்று தேவை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தண்டையார்பேட்டை:

அம்மா, புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்று தொல்காப்பிய மரபியல், வன்மை வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று பார்த்தே தாவரங்களைப் பகுத்திருக்கிறது. காழ் என்றால் வன்மை. காழ் என்றால் விதையும்தான். 'களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து' என்னும் குறளில் அதுவே வினையாகவும் நிற்கிறது. ஆகவே காழ்த்தல், காழ்விதை, காழுறக்கம் என்று ஒரு சொற்குடும்பமே நமக்குக் கிடைக்கிறது. காழகம் என்பதற்குக் கருமை என்னும் பொருள் இருப்பதையும் எண்ணிப் பாருங்கள். முற்றிய மரத்தின் வயிரப்பகுதி கறுப்பதிலிருந்தே அப்பொருள் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய துணிபு.

விதைப் பரிசோதகர், மாதவரம்:

ஐயாவின் கருமை ஆராய்ச்சி விதைக்கு உதவாது. ஆய்வகத்தில் நாங்கள் நாள்தோறும் எழுதுவது 'கடின விதை' என்றுதான். முளைப்புச் சோதனையின் முடிவில் நீரையே உறிஞ்சாமல் கிடப்பவற்றைத் தனியாக எண்ணுகிறோம். சான்று விதைத் தரத்தில் பச்சைப்பயற்றுக்குக் கேட்கப்படும் 75 விழுக்காடு முளைப்பும் கடின விதைகளைச் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. வழக்கில் உள்ள சொல்லை விட்டுவிட்டு மரபியலுக்கு ஏன் போக வேண்டும்? இன்னொன்று: நரிப்பயறு என்னும் பெயர் விக்னா டிரைலோபேட்டா, விக்னா அகோனிட்டிபோலியா என்னும் இரு இனங்களுக்கும் வழங்குகிறது. எதைச் சொல்கிறீர்கள் என்று கையேட்டில் தெளிவுபடுத்துங்கள்.

ஆசிரியை:

டிரைலோபேட்டாதான், சேர்த்துவிடுகிறேன். 'கடின விதை' என்பது விதைக்குப் பெயர், நிலைக்குப் பெயரன்று. அதோடு, அது விதைப்பவரின் குறையைச் சொல்லும் பெயர். பயிரில் எல்லா விதையும் ஒருசேர முளைக்க வேண்டும் என்பதால் ஊறாத விதை தொல்லையாகிறது. ஓராண்டில் பூத்துக் காய்த்து மடியும் காட்டுக் கொடிக்கோ அதுதான் பிழைக்கும் வழி. கோடையில் ஒரு மழை ஏமாற்றிப் பெய்து, முளைத்ததெல்லாம் அடுத்த வாரமே கருகினாலும், மண்ணில் ஊறாமல் கிடந்தவை ஐப்பசி மழைக்கோ அதற்கடுத்த ஆண்டுக்கோ மிஞ்சும். வேருக்குள் அடுத்த ஆண்டுக்கான உயிரைச் சேர்த்துவைக்கும் வசதி இத்தகைய கொடிகளுக்கு இல்லை.

மொழிபெயர்ப்பாளர், பெரம்பூர்:

காழுறக்கத்துக்கு என் மறுப்பு இலக்கியம் சார்ந்ததன்று. வாழைப்பழத்தை வாயப்பயம் என்னும் நம் பகுதி வகுப்பறையில் காழுறக்கம் காயுறக்கமாகும். வேறு பாடமானால் பரவாயில்லை, காயையும் நெற்றையும் பிரித்துக் காட்ட வேண்டிய தாவரவியலில் அது பெரும்பிழைக்கு இடமளிக்கும். மேலும் காழ்ப்பு என்றதும் இன்று நினைவுக்கு வருவது காழ்ப்புணர்ச்சி மட்டுமே. 'நீர்புகா உறக்கம்' என்று வையுங்கள். காரணமும் விளைவும் அதிலேயே இருக்கின்றன.

தமிழாசிரியர்:

ழகரம் நாவில் வராதென்று ழகரச் சொற்களை விலக்கத் தொடங்கினால் தமிழ் என்னும் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கும். அது கிடக்கட்டும், இலக்கணத்துக்கு வருவோம். 'புகா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நீர் புகாதது விதைக்குள்ளா, உறக்கத்துக்குள்ளா? தங்கள் தொடரின்படி உறக்கத்துக்குள்தான் நீர் புகவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

உண்ணாநோன்பில் நோன்பா உண்ணாமல் இருக்கிறது, ஐயா? பெயரெச்சம் செய்பவனை மட்டுமன்றிக் கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகியவற்றையும் கொண்டு முடியும் என்பது தாங்கள் வகுப்பில் நடத்திய பாடம்தானே.

ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. இதற்கிடையில், நீர் நுழையும் இடத்துக்கும் சொல் வேண்டும். அவரைக் குடும்பத்து விதைகள் பலவற்றில், தழும்பையொட்டிய சிறு மேடு பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்கப் பிளந்து நீருக்கு வழிவிடுகிறது. மதகு என்று எழுதலாமா?

மாதவரம்:

மதகு மிகப் பொருத்தம். ஆனால் தழும்பையும் மதகு என்று சொல்லிவிடாதீர்கள். அதே குடும்பத்துக் குளோவர், லூப்பின் விதைகளில் 1954இல் ஆய்வாளர் ஹைட் காட்டியபடி, தழும்பின் பிளவு வறண்ட காற்றில் திறந்து ஈரக் காற்றில் மூடிக்கொள்கிறது. ஈரம் வெளியேறும், உள்ளே வராது. விதை மேலும் மேலும் காய்வதற்கு அதுவே காரணம்.

பெரம்பூர்:

மதகுக்கு என் ஒப்புதலும் உண்டு.

தமிழாசிரியர்:

மதகு நல்ல சொல். அதில் பூசல் இல்லை. எனினும் ஒரு கேள்வி: கருவுக்குக் குறையே இல்லை, நீர் கிடைக்கவில்லை என்று அம்மாவே எழுதியிருக்கும்போது அது உறங்குகிறது என்று எப்படிச் சொல்வது? அடைபட்டவனும் உறங்குபவனும் ஒன்றா? காழ்ப்பு, அல்லது காழ்நிலை என்றால் இந்தச் சிக்கலே எழாது.

ஆசிரியை:

ஐயா எழுப்பியது உண்மையான சிக்கல்; இதை உறக்கம் எனலாமா என்று விதை ஆய்வாளர்களுக்குள்ளும் கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஐந்து வகைகளும் ஒரே அட்டவணையில் வருவதால் ஒன்றுக்கு மட்டும் 'உறக்கம்' என்பதை நீக்க இயலவில்லை. கருவும் உறங்கித் தோலும் அடைத்திருக்கும் ஐந்தாவது வகைக்குக் 'கூட்டுறக்கம்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கும் இதே சொல் வேண்டியிருக்கிறது. மூவர் ஏற்றிருப்பதால் 'நீர்புகா உறக்கம்' என்றே அனுப்புகிறேன். விதைக்குக் 'கடின விதை' நிற்கட்டும்.

தமிழாசிரியர்:

மூவர் களைத்துவிட்டீர்கள் என்பதைத்தான் ஏற்பு என்கிறீர்கள். அடிக்குறிப்பில் 'காழ்விதை' என்று ஒரு வரியாவது சேருங்கள். சேர்க்காவிட்டால் மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.