ஏழு மணிக்கு மேல் வைஃபை ஏன் போகிறது

வீட்டுக் குழு: அம்மா, அண்ணன், தம்பி, சித்தப்பா, நான்

செவ்வாய்

மாலை 7:19
நான்: வைஃபை மறுபடியும் போய்விட்டது. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிட்டது. இந்த வாரத்தில் இது நான்காவது தடவை. இப்போது மொபைல் டேட்டாவில் இருக்கிறேன்.

தம்பி: எனக்கும் போய்விட்டது. நாளை மறுநாள் ஆன்லைன் டெஸ்ட் இருக்கிறது. அப்போதும் இப்படி ஆனால் என்ன செய்வது?

சித்தப்பா: பெட்டியை ஆஃப் செய்து ஒரு நிமிஷம் கழித்து ஆன் செய்யுங்கள் பிள்ளைகளா. சரியாகிவிடும்.

நான்: அதைத்தான் தினமும் செய்கிறோம் சித்தப்பா. சில நாள் நாங்கள் எழுந்து போவதற்குள் தானாகவே வந்துவிடுகிறது.

7:24
அண்ணன்: யாரும் ஆஃப் செய்யாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஆஃப் செய்தால் என்ன நடந்தது என்ற தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். முதலில் இதைச் சொல். போனபோது உன் போனில் வைஃபை பெயர் தெரிந்ததா, பெயரே காணவில்லையா?

நான்: பெயரே காணவில்லை அண்ணா. பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிந்தன, நம்முடையது மட்டும் இல்லை. இரண்டு மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டது.

அண்ணன்: நல்ல வேளை, கவனித்திருக்கிறாய். பெயர் அப்படியே இருந்து இணையம் மட்டும் போனால் வெளியிலிருந்து வரும் லைனைச் சந்தேகப்படலாம். பெயரே மறைகிறது என்றால் பெட்டிக்குள்தான் ஏதோ நடக்கிறது. நம் வீட்டில் லைனை வாங்கும் மோடமும் அதை வைஃபையாகப் பரப்பும் ரவுட்டரும் ஒரே பெட்டி. அதனால் லைன் போனாலும், மின்சாரம் சரியாக வராவிட்டாலும், வைஃபை மட்டும் கெட்டாலும் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

சித்தப்பா: மாலையில் எல்லோரும் வீடு திரும்பி ஒரே நேரத்தில் பார்க்க ஆரம்பிக்கிறார்கள் அல்லவா? அந்த நெரிசலாக இருக்கும். இங்கேயும் ராத்திரியில் மெதுவாகத்தான் வருகிறது.

அண்ணன்: அதுவும் நடப்பதுதான் சித்தப்பா. ஆனால் நெரிசலில் வேகம் குறையும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். பெயர் மறையாது.

அண்ணன்: தம்பி, பெட்டியின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 மாதிரி ஓர் எண் போட்டிருக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போ. ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் இரண்டு நேரம் காட்டும். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது ஒன்று, இணைய இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பது இன்னொன்று. அதைப் படித்துச் சொல். பாஸ்வேர்டு தெரிகிற மாதிரி படம் எடுத்து எங்கேயும் போட்டுவிடாதே.

7:33
தம்பி: சிஸ்டம் அப்டைம் 0 நாள் 0 மணி 16 நிமிஷம். இணைப்பு 14 நிமிஷம்.

அண்ணன்: யாரும் சுவிட்சைத் தொடவில்லையே?

தம்பி: இல்லை. அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள், டிவி அணையவே இல்லை.

அண்ணன்: அப்படியென்றால் வீட்டு மின்சாரம் போகவில்லை, பெட்டி தானே அணைந்து தானே எழுந்திருக்கிறது. அந்த இரண்டு நேரத்தை வைத்து எவ்வளவோ சொல்லிவிடலாம். பெட்டி பத்து நாளாக ஓடுகிறது, இணைப்புக்கு மட்டும் பத்து நிமிஷம்தான் ஆகிறது என்றால் லைன் அறுந்து வந்திருக்கிறது. அதற்கு நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். இரண்டுமே பத்து நாள் காட்டியும் நமக்கு அறுந்தால் வைஃபை அலைதான் பிரச்சினை. நம் வீட்டில் இரண்டும் நிமிஷக் கணக்கில் இருக்கின்றன. அதாவது சூடு, இல்லை மின்சாரம்.

அம்மா: பெட்டி டிவி அலமாரிக்குள் இருக்கிறது கண்ணா. தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சுடுகிறது. மேலே செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. தூசி படாமல் இருக்கட்டும் என்று நான்தான் துணி வேறு போட்டிருக்கிறேன்.

அண்ணன்: துணியை எடுத்துவிடுங்கள் அம்மா. பெட்டியை வெளியே எடுத்துத் திறந்த இடத்தில் நிற்க வையுங்கள். அடியிலும் பக்கத்திலும் இருக்கும் ஓட்டைகள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இரண்டும் சேர்ந்து சூடாகும். ஒன்று மட்டும் கவனம். உள்ளே வரும் அந்த மெல்லிய ஃபைபர் வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதை மடிக்கவோ முடிச்சுப் போட்டுக் கட்டவோ கூடாது, உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி விடுங்கள்.

புதன்

மாலை 7:51
நான்: அண்ணா, இன்றைக்கும் போனது. பெட்டி வெளியேதான் இருக்கிறது, தொட்டால் வெதுவெதுப்புதான். அப்டைம் மறுபடியும் 4 நிமிஷம் காட்டுகிறது.

அண்ணன்: சூடும் இல்லை என்றாகிவிட்டது. இனி மின்சாரம்தான். எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேரே சுவரில் இருக்கும் பிளக்கில் செருகிப் பார். அப்புறம் அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடு. பெட்டியின் அடி ஸ்டிக்கரையும் எடு, பாஸ்வேர்டு இருக்கும் பகுதியை விரலால் மறைத்துக்கொள்.

8:04
நான்: பெட்டியில் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்று இருக்கிறது. அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர்.

அண்ணன்: கிடைத்துவிட்டது!! அந்த அடாப்டர் இந்தப் பெட்டிக்கு உரியது இல்லை. செட்டாப் பாக்ஸின் அடாப்டரைப் பார்.

நான்: அதில் 12 வோல்ட் 1.5 ஆம்பியர்!

தம்பி: இரண்டும் மாறிப்போயிருக்கிறது. முனையும் நிறமும் அப்படியே ஒரே மாதிரி.

அம்மா: ஐயோ. போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது எல்லா வயரையும் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினேன். அப்போதுதான் மாறியிருக்க வேண்டும். இத்தனை நாள் உங்கள் எல்லோருக்கும் என்னால்தானே சிரமம்.

அண்ணன்: அப்படி நினைக்காதீர்கள் அம்மா. ஒரே மாதிரி முனையை வைத்து இரண்டு அடாப்டர் கொடுத்தால் யார் கையிலும் மாறும். நீங்கள் துடைத்ததைச் சொன்னதால்தான் ஏன் போன வாரத்திலிருந்து ஆரம்பித்தது என்பதும் புரிகிறது.

தம்பி: ஆனால் பகல் முழுக்க நன்றாக ஓடியதே? அடாப்டர் போதாது என்றால் ஆன் ஆகவே கூடாது இல்லையா?

அண்ணன்: நல்ல கேள்வி. 1 ஆம்பியர் அடாப்டர் அதிகபட்சம் 12 வாட் தரும். பெட்டிக்கு 18 வாட் வரை தரக்கூடிய அடாப்டர் வேண்டும் என்று ஸ்டிக்கர் சொல்கிறது. பகலில் ஒன்றிரண்டு போன்தான் இணைந்திருக்கும், பெட்டிக்கு வேலை குறைவு, 12 வாட்டுக்குள் அடங்கிவிடும். மாலையில் உன் லேப்டாப், அவள் மீட்டிங், அம்மாவின் டிவி, எல்லா போனும் சேரும்போது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையிலும் விடாமல் அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்போது இழுக்கும் மின்சாரம் கூடும். அடாப்டரால் தாங்க முடியாமல் வோல்ட் ஒரு நொடி சரியும். அந்த ஒரு நொடி போதும், பெட்டி அணைந்து முதலிலிருந்து எழ ஆரம்பிக்கும்.

சித்தப்பா: அப்போது நான் நெரிசல் என்று சொன்னதும் ஒரு வகையில் சரிதான், நெரிசல் வீட்டுக்குள்ளேயே!

அண்ணன்: ஆமாம் சித்தப்பா, நேரத்தை வைத்து நீங்கள் பிடித்தது சரிதான்.

தம்பி: செட்டாப் பாக்ஸுக்கு 1.5 போனதே, அது கெட்டுப்போயிருக்காதா?

அண்ணன்: கெட்டிருக்காது. ஆம்பியர் என்பது அடாப்டர் தரக்கூடிய அளவு, கருவி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் மட்டும் அப்படியே பொருந்த வேண்டும். 12 கேட்கும் பெட்டிக்கு 9 கொடுத்தால் ஓடாது, 24 கொடுத்தால் எரிந்தே போகலாம். முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று சின்னப் படம் போட்டிருக்கும், அதையும் ஒப்பிட வேண்டும். இப்போது இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு மாற்றுங்கள்.

8:16
நான்: மாற்றியாகிவிட்டது. எல்லா விளக்கும் பச்சை.

வியாழன்

இரவு 9:10
தம்பி: டெஸ்ட் முடிந்தது. ஒரு தடவைகூட அறுபடவில்லை. அப்டைம் 1 நாள் 0 மணி 54 நிமிஷம்!

அம்மா: இப்போதுதான் எனக்கு மனசு லேசாக இருக்கிறது.

நான்: என் அறையில் மட்டும் வீடியோ இன்னும் திக்குகிறது அண்ணா. ஹாலில் உட்கார்ந்தால் பளிச்சென்று இருக்கிறது.

அண்ணன்: அது வேறு பிரச்சினை. பெட்டி அணைவதில் அது இத்தனை நாள் மறைந்து கிடந்திருக்கிறது. லேப்டாப்பை லேன் கேபிளில் பெட்டியோடு இணைத்து ஒரு கால் பேசிப் பார். கேபிளில் சுத்தமாக இருந்தால் லைனில் குறை இல்லை, உன் அறைக்கு அலை வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளி

மதியம் 1:20
நான்: கேபிளில் அரை மணி நேரம் பேசினேன், ஒரு சிக்கலும் இல்லை. தம்பி போனில் ஆப் போட்டு வைஃபை அலையின் வலிமையை அளந்தான். என் அறையில் மைனஸ் 81 என்று காட்டுகிறது, ஹாலில் மைனஸ் 48.

அண்ணன்: அந்த எண் சுழியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வீடியோ காலுக்கு மைனஸ் 67க்குள் இருந்தால் நிம்மதி. 81 மிகவும் பலவீனம். நீ எந்த அலைவரிசையில் இருக்கிறாய்?

தம்பி: 5 கிகாஹெர்ட்ஸ் அண்ணா. நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ.

அண்ணன்: 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. பீரோவைச் சுற்றிக்கொண்டு எதுவும் நன்றாக வராது. டிவி மூலையை விட்டுப் பெட்டியை வராந்தா அலமாரியின் மேல் கொண்டுபோக முடியுமா? ஃபைபர் வயர் எட்டுமா?

நான்: எட்டுகிறது, வளையமாகச் சுற்றி வைத்திருந்த வயர் போதும்.

அண்ணன்: சரி, அங்கே வை. ஆன்டெனாவை நேராக நிறுத்து, அதன் நுனி காட்டும் திசையில் அலை குறைவு, பக்கவாட்டில்தான் நன்றாகப் பரவும். தம்பி, அப்படியே 2.4இல் பக்கத்து வீடுகள் எந்தச் சேனலில், அதாவது அந்த அலைவரிசையின் எந்தப் பகுதியில், இருக்கின்றன என்று பார்.

1:48
தம்பி: ஆறாவது சேனலில் ஏழு பேர். பதினொன்றில் மூன்று பேர். ஒன்றில் ஒருவர்தான். நாமும் ஆறில்தான் இருக்கிறோம்.

அண்ணன்: ஒன்றுக்கு மாற்று, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வை. 2.4இல் 1, 6, 11 மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள். நடுவில் 3, 4 என்று காலியாகத் தெரிந்தாலும் போகாதே, அங்கே இரு பக்கத்து இரைச்சலும் வந்து விழும்.

2:05
நான்: என் அறையில் இப்போது 5இலேயே மைனஸ் 64!! நம்பவே முடியவில்லை. காலையிலிருந்து, வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்: இப்போது வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலையில் கேட்டு அதிலேயே திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். இடம் மாற்றியே கிடைக்கிறபோது அது எதற்கு?

சித்தப்பா: எனக்கும் அந்த ஸ்டேட்டஸ் பக்கத்தை எப்படித் திறப்பது என்று சொல்லுங்கள் பிள்ளைகளா. இன்றைக்கு ராத்திரி பார்க்கிறேன்.

அண்ணன்: எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் சித்தப்பா, போனில் பேசிக்கொண்டே பார்த்துவிடலாம்.

2:31
அம்மா: இரண்டு அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிட்டேன். வைஃபை என்று ஒன்றில், டிவி என்று ஒன்றில். வயரின் முனைப் பக்கமும் எழுதியிருக்கிறேன், கழற்றினாலும் தெரியும்.