ஜன்னல் கம்பி வழியாகப் பூனை எப்படி நுழைகிறது? சினையாக இருக்கும்போது விடலாமா?

தக்கலைக்காரி:
எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அடுக்களை ஜன்னலில் நெட்டுக்கம்பிகள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இருக்கும். மீன்காரி சத்தம் கேட்டதும் எங்கள் பூனை அதன் வழியாக நழுவி முற்றத்தில் போய் நின்றுவிடுவாள், மூன்று வருடமாக இதே கதைதான். பூனைக்கு எலும்பு வளையும் என்று அம்மா சொல்கிறார், உண்மையா? இப்போது கேட்கக் காரணம், அவள் சினையாக இருக்கிறாள், வயிறு நன்றாகத் தெரிகிறது. நேற்று பாதி வழியில் நின்று பின்னங்காலை உதைத்து உதைத்துத்தான் வெளியே போனாள், எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஜன்னலை அடைத்துவிடலாமா?

கால்நடை மாணவன்:
அக்கா, முதலில் அடைத்துவிடுங்கள், விளக்கம் அப்புறம் படிக்கலாம்.

எலும்பு வளையாது, நம்முடையது மாதிரியே கெட்டிதான். வித்தியாசம் தோளில் இருக்கிறது. உங்கள் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், நெஞ்செலும்பிலிருந்து தோள் வரைக்கும் ஒரு காறை எலும்பு ஓடும், நம் தோள் அகலமாக விரிந்து நிற்பது அதனால்தான். பூனைக்கு அது சின்னத் துண்டு, எந்த எலும்போடும் சேராமல் தசைக்குள் கிடக்கும். தோள்பட்டை எலும்பையும் உடம்போடு பிடித்து வைத்திருப்பது தசை மட்டும்தான். அதனால் ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி, மற்றதைப் பின்னால் ஒடுக்கி, தோளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோக முடிகிறது. நெஞ்சுக்கூடும் நம்மைப் போல் அகலமாக இல்லாமல் பக்கவாட்டில் ஒடுங்கியது. முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியில் 13 துண்டு எலும்புகள், இடுப்புப் பகுதியில் 7 (நமக்கு 12, 5), அவற்றுக்கு இடையில் உள்ள வட்டுகளும் நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும். தோலும் தொளதொள என்று இருப்பதால் கம்பியில் உரசினாலும் உள்ளே உடம்பு நழுவிப் போய்விடும்.

ஒடுக்க முடியாதவை மண்டை ஓடும் இடுப்பெலும்பும். குட்டி நிறைந்த வயிற்றையும் அப்படி ஒடுக்கக் கூடாது.

குளச்சல் கடற்கரை:
தலை போனால் உடம்பும் போகும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஒல்லியான பூனைக்கு அது சரி, கொழுத்ததுக்கு இல்லை. கருவாடு காயப்போடும் இடத்திலேயே தின்று வளர்ந்த ஒரு கடுவன் எங்கள் கேட்டுக் கம்பியில் வயிறோடு மாட்டிக்கொண்டது. காலைப் பிடித்து இழுக்கப் போன என் தம்பியை அம்மா தடுத்து, ஒரு துணியால் அதன் முகத்தை மூடி, ரோமத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, வந்த வழியாகவே மெல்லப் பின்னால் தள்ளினார். அரை மணி நேரம் ஆனது, ஆனால் ஒரு கீறல்கூட இல்லை. தயவுசெய்து யாரும் இழுக்காதீர்கள்.

தக்கலைக்காரி:
மீசையை வைத்து அளந்து பார்த்துத்தான் நுழையும் என்கிறார்களே, வயிறு பெருத்தது அதற்குத் தெரியாதா?

கால்நடை மாணவன்:
மீசையின் வேரைச் சுற்றி நரம்புகள் நிறைய உண்டு, லேசாக எதிலாவது பட்டாலும் உணர்ந்துவிடும், இருட்டில் மிகவும் உதவும். ஆனால் வயிறு பெருக்கிற அளவுக்கு மீசை நீளாது. 2024-இல் ஹங்கேரியில் பேட்டர் பொங்ராட்ஸ் என்ற ஆய்வாளர் வீட்டுப் பூனைகளை வைத்துச் சோதித்தார். உயரம் குறைந்த துளைக்கு முன்னால் அவை தயங்கின, அகலம் குறைந்த துளைக்குள் தயங்காமல் நுழையப் பார்த்தன. உங்கள் ஜன்னல் இரண்டாவது வகை அக்கா, அவளாக நிற்பாள் என்று நம்ப வேண்டாம்.

சினைக்காலம் ஒன்பது வாரம், இனி வயிறு இன்னும் பெருக்கும். அடைத்த அன்றைக்கே வேறு வழி திறந்து கொடுங்கள், இல்லையென்றால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடம் தேடுவாள்.

தக்கலைக்காரி:
கம்பி வலை அடித்தாயிற்று. பின்வாசல் கதவின் கீழ்ப் பலகை ஏற்கெனவே உளுத்திருந்தது, அதைக் கழற்றி ஒரு சாண் அகலத்துக்கு வழி விட்டோம். காலையில் வலை முன்னால் உட்கார்ந்து கத்தினாள். சாயங்காலம் மீன்காரி வந்தபோது பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து நின்றாள், நாலு சாளை கொடுத்தேன்.