"குளிர் ஆவியாக்கம்" பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெப்பத்தில் கெடக்கூடிய மருந்தை வேதிச்சிதைவின்றி ஏரோசாலாக (காற்றில் மிதக்கும் நுண்துளிகளாகவோ நுண்துகள்களாகவோ) மாற்றும் முறைக்குக் "குளிர் ஆவியாக்கம்" என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. சொல்வதற்கு எளிது என்றாலும், அதன் இரண்டு உறுப்புகளும் பொருளோடு ஒட்டவில்லை என்றே கருதுகிறேன்.

மருந்துக் கரைசலை மூச்சோடு இழுக்கத்தக்க நுண்துளிகளாக்கும் கருவியான நெபுலைசரில் மருந்து ஆவியாவதே இல்லை. காற்றழுத்த வகையில், அழுத்தப்பட்ட காற்று குறுகிய துளை வழியே பீறிடும்போது அவ்விடத்தில் அழுத்தம் குறைவதால், கிண்ணத்திலுள்ள கரைசல் மேலே உறிஞ்சப்பட்டுத் துளிகளாகச் சிதறுகிறது. பெரிய துளிகள் தடுப்பில் மோதிக் கிண்ணத்துக்கே திரும்ப, நுரையீரலின் ஆழம்வரை செல்லத்தக்க 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள நுண்துளிகளே பெரும்பாலும் முகமூடியை அடைகின்றன. நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் மரபுநோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோர்னேஸ் ஆல்ஃபா என்னும் நொதி இவ்வகைக் கருவியில் தரப்படுவது. மீயொலி நெபுலைசரிலோ படிகத்தின் அதிர்வு கரைசலைச் சூடாக்குவதால், நொதி போன்ற புரதம் இயல்பிழக்கும் அபாயம் உண்டு.

இதை மட்டும் பார்த்தால் "குளிர்" சரியென்று தோன்றும். ஆனால் 2012இல் அமெரிக்காவிலேயே அனுமதிக்கப்பட்ட, லாக்சபீன் என்னும் மனநோய் மருந்துக்கான உள்ளிழுப்பானை எண்ணிப் பாருங்கள். உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் பூசிய மருந்தை அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சூடேற்றி ஆவியாக்குகிறது. நோயாளி இழுக்கும் மூச்சுக்காற்று அந்த ஆவியை உடனே வாரிச் செல்ல, அது குளிர்ந்து நுண்துகள்களாக உறைகிறது. படலம் மெல்லியது, சூட்டில் இருக்கும் நேரமோ மிகக் குறைவு. எனவே மூலக்கூறு சிதைவதற்கு முன்பே தப்பிவிடுகிறது. வெப்பத்தையே கருவியாகக் கொண்ட இம்முறையைக் "குளிர்" என்று எவ்வாறு அழைப்பது?

ஆகவே கலைச்சொல் வெப்பநிலையைச் சுட்டாமல், சிதையாமையைச் சுட்ட வேண்டும். "சிதையாத் துவலையாக்கம்" என்பது செவிக்கு இனிமையாக இருந்தாலும், துவலை நீர்மத்துக்கே உரியது. மூச்சோடு இழுக்கும் இன்சுலின் பொடிக்கு அது பொருந்தாது. மாறாக, மழையும் தூவும், பொடியையும் தூவுகிறோம். எனவே ஏரோசாலுக்கு "வளித்தூவல்" என்றும், பேசுபொருளான முறைக்குச் "சிதையா வளித்தூவலாக்கம்" என்றும் பரிந்துரைக்கிறேன். நெபுலைசரின் செயலுக்கு மட்டும் "துவலையாக்கம்" இருக்கட்டும். பேனாவைத் "தூவல்" என எழுதுவோரும் உள்ளமையால், "வளி" என்ற முன்னொட்டை எங்கும் விடலாகாது.