தோட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள் அத்தை

குழு: பேட்டை ஆச்சி வீடு

செவ்வாய், காலை 6.52

பாளை அத்தை: ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வலது பக்கம் கீழே கடைசிப் பல், காது வரைக்கும் இழுக்கிறது. நேற்றுச் சாயந்திரம் பல் டாக்டரிடம் போனேன், வாயைத் திறந்து பார்த்துவிட்டு ஓபிஜி என்கிற எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். எடுக்கவா வேண்டாமா?

பேட்டை பெரியப்பா: (ஃபார்வர்ட்) எச்சரிக்கை!! பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தால் தைராய்டு புற்றுநோய் நிச்சயம்!! எடுக்கிறவர்கள் மட்டும் ஏன் அறையை விட்டு வெளியே ஓடுகிறார்கள் என்று யோசித்தீர்களா?? உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்!!

பேட்டை பெரியப்பா: தங்கச்சி, இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

பாளை அத்தை: அய்யய்யோ. எனக்கு ஏற்கெனவே தைராய்டு மாத்திரை ஓடுகிறது அண்ணன்.

இசக்கி அண்ணன்: அப்பா, விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்துவிட்டீர்களா? கோமதி நைட் டூட்டி முடிந்து வரட்டும், அவளிடம் கேட்போம். தினமும் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள்தானே.

பேட்டை பெரியப்பா: அவள் சின்னப் பிள்ளை. இது பெரிய ஆட்கள் எழுதியது.

இசக்கி அண்ணன்: எழுதினவர் பெயர் இருக்கிறதா?

பேட்டை பெரியப்பா: பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறதே, அப்புறம் என்ன.

காலை 9.20

கோமதி: இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன், 31 மெசேஜ். அத்தை, முதலில் அந்த ஃபார்வர்டை அழியுங்கள். நான் டாக்டர் இல்லை, படம் எடுக்கிறவள்தான், பல்லைப் பிடுங்கவா வேண்டாமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் படத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

கோமதி: ஏன் வெளியே ஓடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை, நீங்கள் எடுப்பது ஒரு படம். நான் ஒரு ஷிஃப்டில் நாற்பது ஐம்பது படம் எடுக்கிறேன், வருஷம் முழுக்க, இந்த வேலையில் இருக்கிற வரைக்கும். தூறலில் ஒரு தடவை தெருவைத் தாண்டுகிறவருக்கும், நாள் முழுக்க நனைந்து தபால் கொடுக்கிறவருக்கும் குடை ஒரே மாதிரியா தேவைப்படும்? அதனால்தான் நான் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறேன். உங்களை விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடவில்லை.

பேட்டை பெரியப்பா: அப்போ ரேடியேஷன் இருக்கிறது என்று நீயே ஒத்துக்கொள்கிறாய்.

கோமதி: இருக்கிறது பெரியப்பா, இல்லை என்று யார் சொன்னது? எவ்வளவு என்பதுதான் கேள்வி. வாய்க்குள் வைத்து எடுக்கிற சின்னப் படம், ஆர்விஜி என்பார்கள், ஒன்றுக்கு ஐந்து மைக்ரோசீவர்ட் முன்னே பின்னே, உடம்பில் விழுகிற கதிரை அளக்கிற அலகு அது. தலையைச் சுற்றி மெஷின் ஓடுகிற ஓபிஜி, மெஷினைப் பொறுத்துப் பத்து இருபது வரும். சும்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே மண்ணில் இருந்தும் காற்றில் இருந்தும் வானத்தில் இருந்தும் சாப்பாட்டில் இருந்தும் நமக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, உலகச் சராசரி வருஷத்துக்கு 2400 மைக்ரோசீவர்ட். நாளைக்கு ஆறு, ஆறரை. அப்படிப் பார்த்தால் சின்னப் படம் ஒரு நாள் கணக்குக்கும் குறைவு, ஓபிஜி என்றால் ரெண்டு மூணு நாள். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் கிடக்கிறது, அங்கே குடியிருக்கிறவர்களுக்கு இயற்கையாகவே நம்மைவிடக் கூடுதலாகத்தான் வரும். நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தால் ஆயிரக்கணக்கில் போகும், அதை எடுக்கச் சொன்னால் மட்டும் நம் வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

இசக்கி அண்ணன்: கூடங்குளத்தை வைத்துக்கொண்டு அப்பா பல்லுக்குப் பயப்படுகிறார்.

கோமதி: சிரிக்காதீர்கள் அண்ணன், கூடங்குளத்தைக் கண்காணிக்கிற அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில்தான் பல் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினையும் பதிவு செய்திருக்கவேண்டும். அத்தை, போகிற இடத்தில் பதிவுச் சான்று இருக்கிறதா என்று தாராளமாகக் கேட்கலாம். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளை அத்தை: தைராய்டுக்கு என்ன சொல்கிறாய்?

கோமதி: மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படம் எடுக்கக்கூடாது என்று ஒன்றும் இல்லை. தைராய்டு கதிரால் எளிதில் பாதிக்கப்படுகிற உறுப்பு என்பது நிஜம், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம், அதனால் தேவை இல்லாமல் எடுக்கக்கூடாது. ஆனால் இப்போது கதிரைப் பல் இருக்கிற இடத்துக்கு மட்டும் குறுக்கித்தான் விடுகிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் ஈய ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் பல் எக்ஸ்ரேக்கு வேண்டியதில்லை என்றே சொல்லிவிட்டது, அது சில நேரம் படத்தை மறைத்து ரெண்டாம் தடவை எடுக்கவைக்கிறது என்பதும் ஒரு காரணம். நம் ஊரில் இன்னும் போட்டுவிடுகிறார்கள், போட்டால் போட்டுக்கொள்ளுங்கள். ஓபிஜிக்கு மட்டும் கழுத்துப் பட்டை கேட்டு அடம்பிடிக்காதீர்கள், தாடையின் கீழ்ப்பாதி வெள்ளையாக மறைந்துவிடும்.

பேட்டை பெரியப்பா: அதெல்லாம் சரி, போன வருஷம் என் கதையைக் கேள். ஒரே ஒரு பல், ரூட் கெனால், நாலு படம். ஒவ்வொன்றுக்கும் காசு. இது வழிப்பறி இல்லாமல் வேறென்ன?

கோமதி: அதில் மூணு நியாயமானது பெரியப்பா. ஆரம்பத்தில் வேர் எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்க ஒன்று, உள்ளே ஊசி மாதிரி ஃபைலை விட்டு நீளம் சரிதானா என்று பார்க்க ஒன்று, கடைசியில் அடைத்தது நுனி வரை போயிருக்கிறதா என்று ஒன்று. நீளத்தை அளக்க இப்போது தனியாக மெஷின் வந்துவிட்டது, அதனால் சில இடத்தில் ஒன்று குறையும். படமே எடுக்காமல் ரூட் கெனால் செய்கிறேன் என்கிறவரிடம்தான் பயப்படவேண்டும். நாலாவது எதற்கு எடுத்தார்கள்?

பேட்டை பெரியப்பா: அது வேறு ஆஸ்பத்திரி. முதல் இடத்தில் அதே படத்தைக் காட்டி, பக்கத்துப் பல் வேர் நுனியில் கருப்பாகத் தெரிகிறது, சீழ், அதையும் செய்யவேண்டும் என்றார்கள். எனக்கு அந்தப் பல்லில் வலியே இல்லை. சந்தேகப்பட்டு வேறு இடத்துக்குப் போனேன். அவர் பஞ்சில் எதையோ ஜில்லென்று தொட்டு வைத்தார், சுரீர் என்றது. பல் உயிரோடுதான் இருக்கிறது, அது எலும்பில் இயற்கையாக உள்ள ஓட்டை, ஒன்றும் செய்யவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

கோமதி: பெரியப்பா, இதை ஏன் ஒரு வருஷமாகச் சொல்லவில்லை! கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பல் வேர்ப் பக்கம் உதட்டுக்குப் போகிற நரம்பு வெளியே வருகிற துளை அது. படத்தில் அச்சு அசல் சீழ் மாதிரியே கருப்பாக விழும். எலும்பு, எனாமல், சிமென்ட் எல்லாம் வெள்ளை, ஓட்டையும் சொத்தையும் கருப்பு, அவ்வளவுதான் படத்துக்குத் தெரியும். எந்தக் கருப்பு நோய், எந்தக் கருப்பு பிறவியிலேயே உள்ளது என்று தட்டிப் பார்த்து, ஜில்லென்று வைத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும். தலைகீழாகவும் நடக்கும். வலி வந்து ரெண்டு நாள்தான் ஆகிறது என்றால் வேர் நுனியில் எதுவுமே தெரியாது, எலும்பில் சுண்ணாம்பு நல்ல அளவு கரைந்த பிறகுதான் கருப்பு விழும். படம் சுத்தமாக இருக்கிறது, பல் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு ராத்திரி துடிக்கிறவர்கள் உண்டு.

கோமதி: ரெண்டாவது இடத்தில் பழைய படத்தைக் காட்டினீர்களா?

பேட்டை பெரியப்பா: முதல் இடத்தில் கொடுக்கவே இல்லை. கம்ப்யூட்டரில் காட்டினார்கள், மூடிவிட்டார்கள்.

கோமதி: அங்கேதான் விட்டுவிட்டீர்கள். காசு கொடுத்தது நீங்கள், படம் உங்களுடையது. வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கேட்டால் அரை நிமிஷ வேலை. அடுத்த டாக்டரிடம் காட்டினால் பாதிப் பேர் புதிதாக எடுக்கமாட்டார்கள்.

முத்து மைனி: கோமதி, நான் கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஐந்தாம் மாதம். மேலே ஒரு பல் பக்கம் ஈறு வீங்கியிருக்கிறது, பிள்ளை பிறந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.

கோமதி: மைனி, தள்ளிப்போடாதீர்கள். உள்ளே போனதும் முதலில் கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள், சும்மா செக்கப் படம் என்றால் அவர்களே பிறகு பார்க்கலாம் என்பார்கள். ஆனால் வீக்கம் இருக்கிறது, வேரைப் பார்க்கவேண்டும் என்றால் ஒரு சின்னப் படம் எடுக்கலாம், கதிர் வாய்க்குத்தான் போகிறது, வயிற்றுக்குப் போய்ச்சேருவது இல்லை என்றே சொல்லலாம். சீழோடு நாலு மாசம் இருப்பதுதான் உங்களுக்கும் பிள்ளைக்கும் ஆகாது. உங்கள் மகப்பேறு டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளுங்கள்.

இசக்கி அண்ணன்: அப்படியே மூத்தவனுக்கும் சொல்லிவிடு. ஏழு வயது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார்கள்.

கோமதி: காலண்டர் பார்த்து எடுப்பதற்கு அது ஒன்றும் மொட்டை போடுகிற வேண்டுதல் இல்லை அண்ணன். சொத்தை அடிக்கடி வருகிற பிள்ளை என்றால், ரெண்டு பால் பல் ஒட்டி நிற்கிற இடுக்கில் கண்ணுக்குத் தெரியாது, கடித்த மாதிரி வைத்து எடுக்கிற படத்தில்தான் தெரியும், அதற்கு எடுக்கலாம். வாய் சுத்தமாக இருக்கிறவனுக்கு எதற்கு? எதைப் பார்க்க இந்தப் படம் என்று கேளுங்கள். ஒழுங்கான டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். அப்புறம் ஒன்று, அவன் வாயில் படம் பதிகிற சென்சாரை விரல் விட்டுப் பிடித்துக்கொள்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் வந்தால் விடாதீர்கள், அந்தப் பெண்ணுக்காகத்தான். அதற்கு ஹோல்டர் இருக்கிறது. 1896-இல் ஜெர்மனியில் வால்க்ஹாஃப் என்கிற பல் மருத்துவர் தன் வாய்க்குள்ளேயே தகடு வைத்து 25 நிமிஷம் அசையாமல் எடுத்தாராம், இப்போது நொடியில் சின்னப் பங்குதான். அந்தக் காலத்திலேயே அமெரிக்காவில் கெல்ஸ் என்று ஒருவர், தன் கையையே வைத்து வைத்து மெஷினைச் சோதித்து, விரல் விரலாகப் போய்க் கடைசியில் கையே போனது. எங்களுக்குப் படிக்கும்போது முதல் வாரமே சொன்ன கதை.

பாளை அத்தை: ஏட்டி கோமதி, ஊர்க்கதை எல்லாம் இருக்கட்டும். எனக்கு ஏன் சின்னப் படம் போதாது?

கோமதி: கடைசிப் பல் அத்தை. சென்சாரை அவ்வளவு பின்னால் தள்ளினால் குமட்டும், உங்களுக்கு மாத்திரை விழுங்கவே பத்து நிமிஷம் ஆகும். ஞானப் பல் படுத்துக் கிடக்கிறதா, கீழே நரம்பு எங்கே ஓடுகிறது என்று முழுத் தாடையும் பார்க்கவேண்டும், அதற்கு ஓபிஜிதான் சரி. தைரியமாகப் போங்கள். தோட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

பாளை அத்தை: தோடா? பல்லுக்கும் தோட்டுக்கும் என்ன?

கோமதி: மெஷின் தலையைச் சுற்றி வருகிறதல்லவா, இடது காதில் உள்ள தோடு வலது பக்கம் கொஞ்சம் மேலே மங்கலாக ஒரு பேய் மாதிரி விழும். உங்களுக்கு வலியே வலது பக்கம். போன மாதம் ஒரு அம்மா ஜிமிக்கியோடு நின்று, மறுபடியும் எடுக்கவேண்டியதாகிவிட்டது, தேவையில்லாத இன்னொரு டோஸ். கொண்டை ஊசி, செயின், கழற்றுகிற பல் செட் எல்லாம் கழற்றவேண்டும்.

பாளை அத்தை: தாலியைக் கழற்றமாட்டேன்.

கோமதி: கழற்றவேண்டாம். கழுத்துக்குப் பின்னால் போகிற தங்கச் செயின்தான் தொந்தரவு. மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போங்கள், கயிறு படத்தில் விழாது, தாலி நெஞ்சுக்கு இறங்கிவிடும்.

பாளை அத்தை: மூக்குத்தி முப்பது வருஷமாகத் திருகாணி இறுகிப்போய்க் கிடக்கிறது.

கோமதி: அது முன் பல் பக்கம் ஒரு வெள்ளைப் பொட்டு வைக்கும், உங்களுக்குப் பின் பல்தானே, பரவாயில்லை. அங்கே இருக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

இசக்கி அண்ணன்: ஆச்சி பாம்படத்தைக் கழற்றமாட்டேன் என்று படமே எடுக்காமல் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தது நினைவிருக்கிறதா?

பேட்டை பெரியப்பா: கடைசிவரைக்கும் முறுக்கு கடித்தாளே.

மாலை 6.35

பாளை அத்தை: எடுத்தாகிவிட்டது. நெற்றியை முட்டுக் கொடுத்து, ஒரு குச்சியைக் கடிக்கச் சொன்னார்கள், பதினைந்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. ஞானப் பல் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டுகிறதாம், முட்டின இடத்தில் அதுவும் சொத்தையாம். வேரும் நரம்பும் ஒன்றின்மேல் ஒன்று தெரிகிறது, இன்னொரு படம், சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன், வேண்டியிருக்கும் என்கிறார். அதையும் எடுக்கவா? உன் பேச்சைக் கேட்டு, எதைப் பார்க்க என்று கேட்டேன், அவரே பேப்பரில் வரைந்து காட்டினார்.

கோமதி: நல்ல டாக்டர் அத்தை. ஓபிஜி தட்டைப் படம், நரம்பு வேருக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று அதில் தெரியாது. தெரியாமல் பிடுங்கி நரம்பு அடிபட்டால் கீழ் உதடு மரத்துப்போகும். சிபிசிடியில் கதிர் இதைவிடக் கூடுதல்தான், அதனால் வலது பக்கம் அந்த இடத்துக்கு மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், முழு மண்டைக்கும் வேண்டாம். படத்தை வாங்கினீர்களா?

பாளை அத்தை: வாங்காமல் வருவேனா. இதோ.

பாளை அத்தை: (புகைப்படம்)

பேட்டை பெரியப்பா: பல் வரிசை நம் அப்பா மாதிரியே இருக்கிறது தங்கச்சி.

கோமதி: அத்தை, போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அமுக்கிவிடும், நரம்புக் கோடே தெரியவில்லை. டாகுமெண்டாக அனுப்புங்கள், டாக்டருக்குக் காட்டும்போதும் அதையே காட்டவேண்டும்.

பாளை அத்தை: அது எங்கே இருக்கிறது?

இசக்கி அண்ணன்: கீழே ஊக்கு மாதிரி ஒரு படம் இருக்கும் அத்தை, அதைத் தொடுங்கள்.

பாளை அத்தை: (குரல் செய்தி, 2.14)

கோமதி: அத்தை, அது மைக்.