மூத்திரம் சிவக்கவில்லையே என்று இருந்துவிட்டேன்

போன சித்திரையில் எங்கள் கட்டுத்தறியில் நடந்தது. கருங்கல்பாளையம் சந்தையில் பிடித்து வந்த ஜெர்சி கலப்பினம், தலையீற்று, கன்று போட்டு இருபது நாள்தான் இருக்கும். ஒரு காலையில் பால் பாதியாகக் குறைந்தது, தவிட்டுத் தண்ணியை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து 105 டிகிரி என்று காய்ச்சல் ஊசி போட்டார், சாயங்காலம் தணிந்தது, விடிந்தால் மறுபடி ஏறியது, இப்படியே மூன்று நாள். உண்ணிக்காய்ச்சலோ என்று எனக்கும் தோன்றியதுதான். ஆனால் அப்பாரு காலத்திலிருந்து உண்ணிக்காய்ச்சல் என்றால் மூத்திரம் சிவப்பாகப் போகும் என்றுதான் கேள்வி, இது தெளிவாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் கால்நடை டாக்டர் வந்ததும் அவர் கை நேராகத் தோள்பட்டைக்கு முன்னால் போனது. "இங்க தொட்டுப் பாருங்க" என்றார். தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது! தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிற என் கைக்கு அது அகப்படவே இல்லை. கண் இமையை விலக்கினால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்ததில் தைலீரியா, உண்ணி பரப்புகிற ஒரு ரத்தக் கிருமி. மூத்திரம் சிவப்பது பெரும்பாலும் பபீசியா என்கிற இன்னொரு உண்ணிக் கிருமியிலாம். தைலீரியா முதலில் நெறிக்குள் வெள்ளை அணுவில் பெருகுவதால் வீக்கம்தான் முன்னால் தெரியுமாம். கழுத்தில் பூபார்வகோன் ஊசி போட்டார். மாடு பிழைத்தது, அந்த ஈற்றுப் பால் போனது போனதுதான்.

அப்புறம் பழைய மண்சுவர் விரிசலில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் கிண்டினேன். கொட்டமுத்து மாதிரி உப்பிய உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தைலீரியாவைப் பரப்புகிற உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து சுவரிடுக்கில்தான் முட்டையிடும். மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்துக்கொண்டிருந்த என்னை என்ன சொல்ல. இப்போது விரிசல் எல்லாம் சிமெண்ட் பூசியாகிவிட்டது.

*

அண்ணா, எங்களுக்கு வந்தது அந்தப் பபீசியாதான். மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் நுரையோடு போனது, பார்த்ததும் அம்மா அழுதேவிட்டார். பயந்ததால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டோம், டிமினசின் ஊசி போட்டு இரண்டு நாளில் மூத்திரம் தெளிந்தது. யோசித்தால் சிவப்பாகப் போனதே எங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

*

எங்களிடம் எச்.எஃப் (ஹோல்ஸ்டீன்) கலப்பினம் இரண்டு, காங்கேயம் ஒன்று, ஒரே கொட்டகை. கலப்பினம் இரண்டும் படுத்துவிட்டன, காங்கேயம் அசை போட்டுக்கொண்டு நிற்கிறது. நாட்டுமாட்டுக்கு ஒன்றும் வராது என்று நான் பெருமை பேச, நோய் காட்டாமலே ரத்தத்தில் கிருமியை வைத்திருக்கலாம், அதன்மேல் ஏறும் உண்ணி பக்கத்து மாட்டுக்குக் கொண்டுபோகும் என்றார் டாக்டர். வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்து வடிகட்டி வாரம் ஒருமுறை மூன்றுக்கும் அடிக்கிறோம், சுவருக்கும்தான். உண்ணி குறைந்திருக்கிறது. ஆனால் காய்ச்சல் வந்த மாட்டுக்கு இதை நம்பி உட்காராதீர்கள்.

*

உண்ணியை நகத்தால் நசுக்குகிறவர்கள் இருக்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். 2011-ல் குஜராத்தில் மனிதர்களுக்கு வந்த காங்கோ காய்ச்சலைப் பரப்புவதும் தைலீரியாவைப் பரப்புகிற இதே இன உண்ணிதான் என்று கேட்டதிலிருந்து விட்டாயிற்று. இப்போது இடுக்கி, கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். காது மடல், மடி இடுக்கு, வாலடி, இந்த மூன்று இடத்திலேயே கொட்டாங்குச்சி பாதி நிறைந்துவிடுகிறது.